தொழில்நுட்பக் குறிப்புகளை எழுதி எங்கே வைப்பது?

கேள்வி: 2 பெப்ரவரி 2025

அண்ணா, நான் கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். எங்கள் ஊர்க் கமக்கார அமைப்புக்காக, குளத்தின் நீர்மட்டத்தை அளந்து செயலாளரின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கருவியொன்றைச் செய்துவருகிறேன். அந்த வேலையில் தெரிந்துகொண்டவற்றைத் தமிழில் எழுத விருப்பம். இதுவரை முகநூலில்தான் எழுதினேன். அன்றைக்கே பலர் வாசிக்கிறார்கள், சில வாரங்கள் கழித்துத் தேடினால் எனக்கே அகப்படுவதில்லை. சிலர் மீடியம் நல்லது என்கிறார்கள், சிலர் வேர்ட்பிரஸ் என்கிறார்கள், கிட்ஹப்பில் இலவசமாக வைக்கலாம் என்றும் சொல்கிறார்கள். என்னிடம் கடனட்டை இல்லை. எங்கே தொடங்கினால் பிறகு இடம் மாற வேண்டி வராது?

2 பெப்ரவரி 2025, இரவு

இடம் மாறவே வேண்டி வராத இடம் இணையத்தில் இல்லை. ஆகவே கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்க வேண்டும்: மாற வேண்டி வந்தால் எதையெல்லாம் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்?

ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையத்தள சேவையை 1999 இல் யாகூ வாங்கியது. 2009 இல் மூடியது. போஸ்ரெரஸ் என்ற வலைப்பதிவுச் சேவையை 2012 இல் ருவிற்றர் வாங்கியது. அடுத்த ஆண்டே மூடியது. இரண்டையும் வாங்கியவை பெரிய நிறுவனங்கள் என்பதைக் கவனியுங்கள். பெரிய நிறுவனத்தின் கையில் இருப்பதால் ஒரு சேவை நிலைக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

நான் சூரியமின் நீர்ப்பம்பிகளைப் பழுதுபார்க்கிறவன். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரை தோட்டக் கிணறுகளில் பார்த்த பழுதுகளை நெடுங்காலமாக எழுதிவருகிறேன். முதலில் எழுதிய இலவசத் தளம் பின்னர் மூடப்பட்டது. எழுத்து என் கணினியில் இருந்ததால் தப்பியது, ஆனால் முகவரிகள் எல்லாம் செத்துப்போயின. வேறொருவர் தன் பக்கத்தில் கொடுத்திருந்த இணைப்பு, ஓர் ஆசிரியர் மாணவர்களுக்கு அச்சிட்டுக் கொடுத்த தாளில் இருந்த முகவரி ஆகியவற்றை என்னால் திருத்தவே முடியவில்லை. எழுத்தைப் பாதுகாப்பதும் முகவரியைப் பாதுகாப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

என் விடை இதுதான். எழுத்தை மார்க்டவுன் வடிவில் (தலைப்பு, பட்டியல் போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் முறையில்) சாதாரண உரைக்கோப்புகளாக உங்கள் கணினியில் எழுதுங்கள். அவற்றிலிருந்து ஆக்கப்படும் நிலையான பக்கங்களை (முன்கூட்டியே ஆக்கி, கேட்பவருக்கு அப்படியே கொடுக்கும் பக்கங்களை) கிட்ஹப் பேஜஸில் வையுங்கள். கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிற் என்ற கருவியைக்கொண்டு நடக்கும் கிட்ஹப், தன்னிடம் வைத்த கோப்புகளை இணையத்தளமாகக் காட்டும் சேவை அது. கடனட்டை கேட்கமாட்டார்கள், விளம்பரம் வராது. ஒரு தளம் 1 கிகாபைட்டுக்கு மேல் போகக்கூடாது என்பதும், மாதம் 100 கிகாபைட் அளவுக்கே வாசகருக்குப் பரிமாறலாம் என்பதும் அவர்கள் வைத்துள்ள எல்லைகள். தமிழில் தொழில்நுட்பம் எழுதும் ஒருவருக்கு இந்த எல்லைகள் தட்டுப்படப் போவதில்லை.

3 பெப்ரவரி 2025

முகநூலைப் பற்றி நேற்று ஒன்றும் சொல்லவில்லை. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பதால் தனியாக எழுதுகிறேன்.

தேடுபொறிக்கு முகநூல் பதிவுகள் சரியாக அகப்படுவதில்லை. கணக்கில் நுழையாதவருக்குப் பெரும்பாலும் அவை திறப்பதுமில்லை. கருவி பழுதாகி, திரையில் தெரிகிற பிழைக் குறியீட்டைத் தேடுபவர் உங்கள் நண்பராக இருக்கமாட்டார். அவர் அதைத் தேடுவது நீங்கள் எழுதிய அன்றைக்காகவும் இருக்காது. தொழில்நுட்ப எழுத்துக்குரிய வாசகர் பெரும்பாலும் இப்படிப் பின்னால் வருகிறவர்தான். என் குறிப்புகளில் அதிகம் வாசிக்கப்பட்டது பம்பிக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றின் பிழைக் குறியீட்டைப் பற்றியது. எழுதிய மாதத்தில் அதை எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. வெயில் ஏறி, பம்பிகள் நாள் முழுக்க ஓடும் பருவம் வந்தபோதுதான் வாசகர் வரத் தொடங்கினார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னும், 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போதும் இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. அந்த நாட்களில் முகநூலில் மட்டும் இருந்த எழுத்து, எழுதியவருக்கும் எட்டாமற் போனது.

இவ்வளவு சொன்ன பிறகும் முகநூலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் பலர் சமூக ஊடகங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் பக்கேஜைத்தான் போடுகிறார்கள். அவர்களுக்கு முகநூலும் வட்ஸ்அப்பும் திறக்கும்; நீங்கள் கொடுக்கும் வெளி இணைப்பு திறக்காது, அல்லது மீதிப் பணத்தை விழுங்கும். ஆகவே “முழுதாக வாசிக்க இங்கே அழுத்தவும்” என்று ஒற்றை வரி எழுதி இணைப்பைப் போடுவது, கமக்கார அமைப்புச் செயலாளரை வாசலில் நிறுத்திவைப்பதற்குச் சமம். பழுது என்ன, உடனே செய்ய வேண்டியது என்ன என்ற இரண்டையும் அங்கேயே முழுமையாகச் சொல்லிவிடுங்கள். சுற்றுப்படம், நிரல், அளவீடுகள், காரணங்கள் ஆகியவை உங்கள் தளத்தில் இருக்கட்டும்.

5 பெப்ரவரி 2025

மீடியத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2012 இல் தொடங்கிய எழுத்துத் தளம் அது. எழுதுவதற்கு மிக வசதியானது, பார்வைக்கும் அழகானது. 2017 முதல், எழுதுபவர் விரும்பினால் குறிப்பைக் கட்டணம் செலுத்தும் உறுப்பினருக்கு மட்டும் என்று பூட்டலாம். பூட்டினால் முல்லைத்தீவு மாணவர் வாசிக்க முடியாது. பூட்டாவிட்டால் அந்தத் தளம் உங்கள் எழுத்தை மற்றவர் முன் வைப்பதற்கு அதற்கு அதிகக் காரணம் இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கையில் காட்டுவதற்காக ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அங்கேயோ டெவ் என்ற நிரலாளர் தளத்திலோ ஒரு பிரதியை வைக்கலாம். இரண்டிலும் “மூலப் பக்கம் இது” என்று உங்கள் முகவரியைக் குறிப்பிடும் வசதி இருக்கிறது; அதை நிரப்பினால் எது மூலம், எது பிரதி என்று தேடுபொறி அறிந்துகொள்ளும்.

8 பெப்ரவரி 2025

மாங்குளத்திலிருந்து ஒருவர் கடுமையாகக் கேட்டிருக்கிறார்: “மார்க்டவுன், கிற் என்றெல்லாம் சொல்கிறீர்கள். என்னிடம் கணினியே இல்லை, தொலைபேசி மட்டும்தான். நான் எழுதக்கூடாதா?”

நியாயமான கேள்வி. என் முதல் விடை கணினி வைத்திருக்கும் பொறியியல் மாணவிக்கு எழுதப்பட்டது. தொலைபேசியில் மட்டும் எழுதுகிறவருக்கு நான் புளொக்கரைச் சொல்வேன். 1999 இல் தொடங்கி, 2003 இல் கூகுள் வாங்கிய சேவை அது. கூகுள் தன் வாசிப்புச் சேவையான ரீடரை 2013 இலும், கூகுள் பிளஸை 2019 இலும் மூடியது என்பது உண்மைதான். புளொக்கர் மட்டும் இன்றுவரை நிற்கிறது. பணம் கேட்பதில்லை. பின்னாளில் சொந்த டொமைன் பெயர் (உங்களுக்கென்று பதிவுசெய்யும் இணைய முகவரி) வாங்கினால் அதையும் இலவசமாகவே இணைத்துக்கொள்ளலாம். எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கி எடுக்கவும் முடியும். நிரல் வரிகளை ஒழுங்காகக் காட்டுவதில் அது பின்தங்கியது, ஆனால் கம்பி இணைப்பையும் கழற்றிப் பூட்டும் முறையையும் படங்களோடு எழுதுபவருக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

வேர்ட்பிரஸ் பற்றியும் அவர் கேட்டிருந்தார். அந்தப் பெயரில் இரண்டு இருக்கின்றன. 2003 இல் வெளியான கட்டற்ற மென்பொருள் ஒன்று. அதை எவரும் தன் வழங்கியில் (தளத்தைத் தாங்கி நிற்கும் இணையக் கணினியில்) நிறுவலாம். மற்றது அதைக்கொண்டு 2005 முதல் நடத்தப்படும் வேர்ட்பிரஸ் டொட் கொம் என்ற சேவை. சேவையின் இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும், சொந்த டொமைன் இணைக்கப் பணம் கட்ட வேண்டும். மென்பொருளை நீங்களே நிறுவினால் வழங்கிக்கு வாடகை கட்ட வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்களை இடைவிடாமல் இட வேண்டும். அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போய்விடும் ஒருவர் அவற்றைத் தவறவிட்டால் தளத்தை வேறு யாரோ கைப்பற்றிவிடுவார்கள். நிலையான பக்கங்களில் தரவுத்தளமும் இல்லை, நுழைவுப் பக்கமும் இல்லை. ஆதலால் அவ்வாறு கைப்பற்றுவதற்கு அங்கே வழி குறைவு. என் தெரிவுக்கு முதன்மைக் காரணம் இதுவே. பணம் அதற்கு அடுத்ததுதான்.

ஒன்றைச் சேர்க்கிறேன்: கிட்ஹப்பில் உள்ள மார்க்டவுன் கோப்பைத் தொலைபேசி உலாவியிலேயே திறந்து திருத்திச் சேமிக்கலாம். முதலில் தளத்தை அமைப்பதற்குத்தான் கணினி வேண்டும். நூலகத்திலோ நண்பரிடமோ ஒரு பொழுது கணினி கிடைத்தால், அதன்பின் தொலைபேசியே போதும்.

14 பெப்ரவரி 2025

டொமைன் பெயர். இதில்தான் எனக்கு இரண்டு மனம் இருக்கிறது; ஆகவே நீட்டி எழுதுகிறேன்.

சொந்த டொமைன் இருந்தால் தளம் இருக்கும் இடத்தை எத்தனை முறையும் மாற்றலாம். வாசகருக்குத் தெரிந்த முகவரி மாறாது. முதல் குறிப்பில் நான் சொன்ன செத்துப்போன முகவரிகளுக்கு மருந்து இதுதான். கிட்ஹப் பேஜஸ் 2018 முதல் சொந்த டொமைன்களுக்கும் இலவசமாகவே பாதுகாப்புச் சான்றிதழ் (வாசகருக்கும் தளத்துக்கும் இடையிலான தொடர்பை மறைகுறியாக்க உதவுவது) தருகிறது. ஆக, ஆண்டுக்கொரு முறை டொமைனுக்குக் கட்டும் தொகை மட்டுமே செலவு.

ஆனால் அந்தத் தொகை பெரும்பாலும் டொலரில் கேட்கப்படுகிறது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அதே காலத்தில்தான் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டும் இருந்தது. அரிசி வாங்குவதா, டொமைனைப் புதுப்பிப்பதா என்று எண்ண வேண்டியிருந்த வீடுகளில் விடை தெளிவானது. டொட் கொம் பெயர் காலாவதியானால் முதலில் சில வாரங்கள் பழைய கட்டணத்தில் மீட்கலாம். அதன்பின் 30 நாட்கள் மேலதிகக் கட்டணத்தோடு மீட்கலாம். அதற்கும் பிறகு எவரும் அதை வாங்கலாம். சூதாட்டத் தளம் நடத்துபவர்கள் அப்படி வாங்கி, நீங்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த இணைப்புகளின் மேல் தங்கள் கடையைத் திறப்பதுண்டு. சேவை தன் பெயரோடு சேர்த்துத் தரும் இலவசத் துணை முகவரியில் இருக்கும் எழுத்துக்கு இந்த ஆபத்து இல்லை. எழுதியவர் பணம் கட்டாவிட்டாலும், நோயில் விழுந்தாலும், இறந்தே போனாலும், அந்தச் சேவை இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

எது அதிக காலம் வாழும் என்று இப்போது கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. தொடர்ந்து வருமானம் உள்ளவருக்குச் சொந்த டொமைன் நல்லது. மாணவருக்கு, நான் அறிந்தவரை, இலவசத் துணை முகவரியே முதலில் பொருத்தமானது. வேலை கிடைத்த பிறகு டொமைன் வாங்கி அதன் மேல் இணைத்தால், கிட்ஹப் பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதிய முகவரிக்கு அனுப்பிவிடும். ஆதலால் கேள்வி கேட்ட தங்கை இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம்.

ரூபாவில் வாங்க விரும்புவோருக்கு இலங்கைக்குரிய எல்கே (.lk) ஆள்களம், அதாவது டொமைன் முடிவு, இருக்கிறது. 2010 இல் “.இலங்கை” என்ற தமிழ் ஆள்களமும் இணையத்தின் மூலப் பெயர்ப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. முழுத் தமிழ் முகவரி வைத்திருப்பது எனக்குப் பெருமையான விடயம்; ஆனாலும் அதையே ஒரே முகவரியாக வைக்கத் தயங்குகிறேன். தமிழ் விசைப்பலகை இல்லாத அலுவலகக் கணினியில் அதைத் தட்டச்சு செய்ய முடியாது. சில பழைய மென்பொருள்கள் அதைப் புரிந்துகொள்வதுமில்லை.

15 பெப்ரவரி 2025

நேற்றையதன் தொடர்ச்சி. பக்கத்தின் தலைப்பைத் தமிழில் வைத்தாலும், முகவரிப் பகுதியை ஆங்கில எழுத்தில் சிறியதாக வையுங்கள். யூனிக்கோட் முறையில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுமுறையில்) “குளம்” என்ற சொல்லில் 5 குறிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 3 பைட். அந்த முகவரியைப் பிரதியெடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் விழுக்காட்டு அடையாளங்களோடு 9 எழுத்துகளாக விரியும். ஒரு சொல்லுக்கே 45 எழுத்து. நீண்ட தலைப்பை அப்படியே முகவரியாக்கினால் அது திரையை நிரப்பும். பலர் அதை ஏமாற்று இணைப்பு என்று எண்ணி அழுத்தவேமாட்டார்கள்.

22 பெப்ரவரி 2025

வவுனியாவிலிருந்து ஒரு ஆசிரியர் தம்மிடம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த மின்னணுவியல் பாடக்குறிப்புகள் நிறைய இருப்பதாகவும், அவற்றை அப்படியே ஏற்றலாமா என்றும் கேட்டிருந்தார்.

ஐயா, அப்படியே ஏற்ற வேண்டாம். பாமினியில் தமிழாகத் தெரிவது கோப்பின் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது. எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அது வாசிக்க முடியாத குவியலாகத் தெரியும், தேடுபொறிக்கும் அது தமிழ் என்று தெரியாது. யூனிக்கோட்டுக்கு மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பாடக்குறிப்பில் இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் சூத்திரங்களையும் அந்தக் கருவி தமிழாக எண்ணி மாற்றிவிடும். மின்தடை மதிப்புகளும் அலகுகளும் அப்படிச் சிதைந்தால் மாணவருக்கு ஆபத்து. ஆகவே அந்தப் பகுதிகளைத் தனியே பிரித்தெடுத்துவிட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதோடு சேர்த்து எழுத்துருவைப் பற்றியும். அழகுக்காகத் தனித் தமிழ் எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்ப வேண்டியதில்லை. அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் நோட்டோ தமிழும், விண்டோஸில் நிர்மலாவும் ஏற்கெனவே இருக்கின்றன. எழுத்துருவும் விளம்பர நிரல்களும் இல்லாத பக்கம், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் இடத்திலும் திறக்கும். பம்பி நிற்பதும் அப்படிப்பட்ட இடங்களில்தான். வாசிப்பவர் பெரும்பாலும் கிணற்றடியிலேயே நின்றுகொண்டு உங்கள் பக்கத்தைத் திறக்கிறார் என்பதை வடிவமைக்கும்போது மறக்க வேண்டாம்.

1 மார்ச் 2025

இத்தனை யோசனை எதற்கு, எங்கேயாவது எழுதிவிட்டுப் போகலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. முதலில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி கிடைக்காததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். இவை விளையாட்டு வேலைகள் அல்ல. எந்த இயந்திரம் தாங்கும், எது தாங்காது, டைனமோவின் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை எப்படிச் சமப்படுத்துவது என்றெல்லாம் நுணுக்கமாக அறிந்த மனிதர்கள் ஒவ்வொரு சந்தியிலும் இருந்தார்கள். அந்த அறிவில் எழுத்தாக எஞ்சியது மிகக் குறைவு. எழுதி வைத்திருந்த கொப்பிகளும் 2009 இடப்பெயர்வில் வீடுகளோடு போயின. எங்களூர் மெக்கானிக் ஒருவரின் கொப்பியை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். காபுரேற்றரின் உள்ளமைப்பை நீல மையால் வரைந்திருந்தார். இன்று அதைப் போல ஒரு பக்கத்தை எங்கே தேடினாலும் எனக்குக் கிடைப்பதில்லை.

ஆகவே ஒரே பிரதி வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கிற் முறையில் இது இயல்பாகவே அமைகிறது: கணினியில் இருப்பதும் முழு வரலாற்றோடு கூடிய முழுப் பிரதி, வழங்கியில் இருப்பதும் அதுவே. மூன்றாவதாக ஒரு பென்டிரைவில் போட்டு வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு குறிப்பையும் வெளியிட்டவுடன் இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமியுங்கள். அதற்குக் கணக்கும் தேவையில்லை. குறிப்புகள் நூலளவுக்குச் சேர்ந்தால், 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டத்தாரிடம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதலாமா என்றும் கேட்டார்கள். பொதுவான விளக்கங்களை எழுதலாம், எழுதவும் வேண்டும். சொந்தப் பரிசோதனையில் கண்டறிந்ததை அங்கே எழுத அவர்களின் விதி இடங்கொடாது. வேறெங்கோ வெளியான சான்று வேண்டும். கணியம் இதழ் 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் கட்டுரைகளை வெளியிடுகிறது. அங்கே அனுபவக் கட்டுரைகளுக்கு இடமுண்டு. பிறர் பிரதியெடுக்க அனுமதி தரும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியாவதால் அதே கட்டுரையை உங்கள் தளத்திலும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் சொந்தக் குறிப்புகளின் கீழும் அப்படியொரு உரிமத்தை எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு வரி இருந்தால், நீங்கள் இல்லாத காலத்திலும் பிறர் அச்சமின்றிப் பிரதியெடுத்துக் காப்பாற்றுவார்கள்.

2 மார்ச் 2025

கிட்ஹப்பையே நம்பியிருக்கலாமா என்ற ஐயம் எனக்கும் உண்டு. அது 2018 முதல் மைக்ரோசொப்ற்றுக்குச் சொந்தம். அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. 2019 இல் ஈரான், சிரியா, கிரைமியா ஆகிய இடங்களில் இருந்தவர்களின் கணக்குகள் அமெரிக்கப் பொருளாதாரத் தடை காரணமாகக் கட்டுப்படுத்தப்பட்டன. தடை என்ற சொல்லின் பொருளை அறிந்த நாங்கள் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஜெர்மனியில் இலாப நோக்கற்ற சங்கம் நடத்தும், இதே போன்ற சேவையான கோட்பேர்க் இருக்கிறது. கிளவுட்பிளேர் பேஜஸும் இருக்கிறது. அதே கோப்புகளை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால்தான் இந்த வழியை நான் விட்டுவிடவில்லை.

9 மார்ச் 2025

கேள்வி கேட்ட தங்கை தளத்தை அமைத்துவிட்டதாக எழுதியிருக்கிறார், மிக்க மகிழ்ச்சி. அவர் இரண்டு விடயங்கள் கேட்டிருக்கிறார்.

முதலாவது, கிட்ஹப் கணக்கில் நுழையக் கடவுச்சொல்லுக்கு மேலாக இரண்டாம் உறுதிப்படுத்தல் கேட்கிறது, தவிர்க்கலாமா என்பது. தவிர்க்க முடியாது, நிரல் பங்களிப்போருக்கு அதை 2023 இல் கட்டாயமாக்கினார்கள். தொலைபேசி தொலைந்தால் கணக்கும் போய்விடாமலிருக்க, அவர்கள் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் உறையிலேயே வையுங்கள்.

இரண்டாவது படங்களைப் பற்றியது. தொலைபேசியில் எடுத்த படத்தின் உள்ளே, எடுத்த இடத்தின் அமைவிடமும் பதிந்திருக்கக்கூடும். முகநூல் அதை நீக்கிவிட்டுக் காட்டும். உங்கள் சொந்தத் தளம் நீக்காது. குளத்தின் இடம் தெரிவதில் கேடில்லை, ஆனால் விலையுயர்ந்த சோலர் பலகை நிற்கும் தோட்டத்தின் இடம் தெரியக்கூடாது. ஏற்றுமுன் அமைவிடத் தகவலை அகற்றி, அகலத்தைக் குறையுங்கள். இரண்டையும் சேர்த்தே செய்யும் செயலிகள் உண்டு. சுற்றுப்படங்களை மட்டும் எஸ்விஜி வடிவில் (கோடுகளை வரைவு விவரமாகச் சேமிக்கும் பட வடிவில்) வையுங்கள். எவ்வளவு பெருக்கினாலும் கோடு மங்காது, கோப்பும் சிறியது.

அவரது முதல் குறிப்பை வாசித்தேன். உணரி நீருக்கு மிக அருகில் வரும்போது அளவு தாறுமாறாக வருவதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். ஒரு வேண்டுகோள் மட்டும்: எந்த உணரி, எந்தப் பதிப்பு நிரல், எந்த மாதத்தில் சோதித்தது என்பவற்றைக் குறிப்பின் தலையிலேயே எழுதிவிடுங்கள். மாரியில் குளம் நிரம்பி வான்பாயும்போது அளவு வேறுபட்டால் பழைய வரிகளை அழிக்காமல், திகதியிட்டு அதன் கீழே புதிய அளவுகளைச் சேருங்கள். அந்த அளவுகள் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்; அதே வகை உணரியை ஒரு கிணற்றில் பொருத்தும் வேலை எனக்கு இருக்கிறது.